சாட்சியில் வராத பெயர்

எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு சண்டைதான். அவளுக்குக் கடவுள் உண்டு, எனக்குக் கிடையாது. சாம்பாரில் உப்பு முதல் மகளின் கல்லூரி வரை மற்ற சண்டைகளெல்லாம் இதன் கிளைகள்தான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

நானும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவன்தான். தாம்பரத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் அப்பாவுக்கு நிரந்தர இடம் இருந்தது. இயற்பியல் படிக்கப் போன இடத்தில் என் நம்பிக்கை பால்பல் போல விழுந்துவிட்டது. வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை, விழுந்ததே சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு அதே இயற்பியலை ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஓய்வு பெறும் வரை நடத்தினேன். அவள் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் டீச்சர். பெண் பார்க்கப் போனபோதே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "பரவாயில்ல, எனக்கு நம்பிக்கை இருக்கு. நீங்க தடுக்காம இருந்தா போதும்" என்றாள்.

நான் தடுக்கவில்லை. கேலி மட்டும் செய்தேன், முப்பது வருஷம். "நீ இவ்வளவு கேக்கறியே, உன் ஆண்டவர் ஏன் ஒரு தடவைகூட பதில் பேசல?" என்பேன். ஒரு தடவை அவளுடைய தோட்டுத் திருகாணி காணாமல் போனது. ஜெபம் செய்துவிட்டுத் தேடினாள், கட்டிலுக்கடியில் கிடைத்தது. "உலகத்துல ஆயிரம் பஞ்சம், ஆயிரம் சண்டை. உன் ஆண்டவர் எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம கட்டிலுக்கடியில குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காரா?" என்று கேட்டேன். "உங்களுக்குக் கெடச்சா ப்ராபபிலிட்டி, எனக்குக் கெடச்சா கர்த்தர். கெடச்சது திருகாணிதானே, விடுங்க" என்றாள். எங்கள் சண்டை இந்த ரகம்தான். சொல்லப்போனால், எங்கள் வீட்டில் அதைவிட நல்ல பொழுதுபோக்கு இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் என் நெற்றியில் கை வைத்து, சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கட்சி மாறியதாக ஆகிவிடும்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில். ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம். நாங்கள் கட்டும்போது மேஸ்திரி, "சார், மண்ணடிச்சு ஏத்தாம கட்டாதீங்க, பின்னாடி அழுவீங்க" என்றார். லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்திக் கட்டினோம். எதிர்வீடு எங்களுக்கு முன்பே கட்டியது, தாழ்வு. கார்ப்பரேஷனோ பஞ்சாயத்தோ ரோடு போட வரும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். ரோடு ஏற ஏற அந்த வீடு இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அந்த வீட்டுக்குள் போக வேண்டுமானால் தெருவிலிருந்து படி இறங்க வேண்டும் என்றாகிவிட்டது.

அந்த வீட்டு அம்மா இந்தப் பக்கத்துக்காரர். என் மனைவியைவிட மூத்தவர். இவளை அவர் டீச்சர் என்பார். அவரை இவள் அக்கா என்பாள். அவர் கணவர் பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் இழுப்போடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். பெண்கள் இருவரும் வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறிப் பல்லாவரம் சந்தைக்குப் போய், தேவையே இல்லாத செடித்தொட்டிகளையும் ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவள் சர்ச், அவர் அம்மன் கோயில். அவர்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சும் வந்ததாக எனக்குத் தெரியாது. கடவுள் இருக்கிறார் என்கிற விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம் என்பதால், சண்டைக்கு இடமில்லாமல் போயிருக்கலாம்.

அந்தப் பெருமழை வருஷத்தில் ஒரு விடியற்காலை ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. முதலில் நாங்கள் அதை மழைத்தண்ணீர் என்றே நினைத்தோம். பிறகு அது நகர ஆரம்பித்தது. எங்கள் வாசல்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மனைவி வாசலில் நின்று, குடையைக்கூட விரிக்காமல், "ஆண்டவரே, இதோட போதும், இதோட போதும்" என்று வாய்விட்டு ஜெபம் செய்தாள். நான் உள்ளே புத்தகங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் வரவில்லை.

எதிர்வீட்டில் இடுப்பளவு. தெருப் பையன்கள் நாலைந்து பேர் அந்த மனிதரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்குமேல் தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். எங்கள் ஹாலில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். ஈரத்தில் இழுப்பு அதிகமாகி, மூச்சு விசில் அடித்தது. என் மனைவி பக்கத்தில் முழங்கால் போட்டு, அவர் நெஞ்சில் கை வைத்து ஜெபம் செய்தாள். அப்போது அவள் அழுததை நான் பார்த்தேன். தன் வீட்டுக்காகக் கேட்டதைவிட உருக்கமாகக் கேட்டாள். எதிர்வீட்டம்மா சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு கைகூப்பி நின்றார்.

"கேளு டீச்சர், நல்லா கேளு. உன் சாமியும் எங்க அம்மாவும் சேந்து பாத்துக்கட்டும்" என்றார்.

மறுநாள் படகு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். எதிர்வீட்டுச் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

எங்கள் சபையில் வருஷக் கடைசியில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை உண்டு. அந்த வருஷம் கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். அதற்குச் சாட்சி சொல்வது என்று பெயர். பிள்ளைக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, விபத்தில் வண்டி நசுங்கியும் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வருஷத்தில் இரண்டே தடவை சர்ச்சுக்குப் போகிறவன், கிறிஸ்துமஸுக்கும் இதற்கும். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வசதியாகத் தூணில் சாய்ந்துகொண்டு, இந்தச் சாட்சிகளை மனதுக்குள் திருத்திக்கொண்டிருப்பேன், பரீட்சைத்தாள் திருத்துகிற பழக்கத்தில்.

அந்த வருஷம் மனைவி எதிர்வீட்டம்மாவையும் அழைத்தாள். "மனசுக்கு ஆறுதலா இருக்கும், வாங்கக்கா." அவரும் வந்தார். இவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். இவள் முறை வந்தது. டீச்சர் இல்லையா, கதை சொல்லத் தெரியும். தண்ணீர் வந்த விதம், படிகள் மறைந்த விதம், வாசலில் நின்று கேட்டது, கர்த்தர் அதைக் கடைசிப் படியில் நிறுத்தியது, ஒரு துளிகூட உள்ளே விடாதது. பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எங்கள் அஸ்திவாரத்தின் உயரத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும், கர்த்தர் நிறுத்தினாரா மேஸ்திரி நிறுத்தினாரா என்று கேட்டு அவளை வம்புக்கு இழுக்க வேண்டும் என்று வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அந்த வாக்கியம் வெளியே வரவேயில்லை. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். முடிச்சூர் ரோடு திரும்பியதும் அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்க மாட்டியே?"

"கேளுங்கக்கா."

"எங்க ஊட்டுக்காரருக்கும் நீ ஜெபம் பண்ணியே. அவரு பேரு வரும் வரும்னு கேட்டுகினே இருந்தேன். வரவேயில்லியே, இன்னாத்துக்கு?"

குத்திக்காட்டிய தொனி அதில் துளியும் இல்லை. தன் புருஷன் பெயர் அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு தடவை ஒலிக்கும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார், ஒலிக்கவில்லை. அவ்வளவுதான் அவர் வருத்தம். என் மனைவி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "மறந்துட்டேன்க்கா" என்றாள்.

அது பொய்யில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நிறைவேறாத ஜெபத்தை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. சொல்லக் கூடாதென்று விதி ஒன்றும் கிடையாது. யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான். ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடை வந்த அளவீடுகளை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைக் கிழித்துப் போடும் மாணவனை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். தூணில் சாய்ந்துகொண்டு முப்பது வருஷம் சாட்சிகளைத் திருத்திய எனக்கு இந்தத் தவறு கண்ணில் படவில்லை. எழுதப் படிக்க அதிகம் தெரியாத அந்த அம்மா தன் துக்கத்தினால் மட்டுமே அதைக் கேட்டார்.

சில நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"நம்ம வீடு உயரம். அவ்வளவுதானே விஷயம்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் முப்பது வருஷம் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அது வந்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது" என்றேன். இயற்பியலுக்கு எதிராக நான் வாதாடியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஏன் முடியாது? தண்ணி பள்ளத்தைத்தான் தேடும். அக்கா வீட்டு வாசல்ல நான் போய் நின்னு ஜெபம் பண்ணியிருந்தா நின்னிருக்குமா?"

கீரைக் காம்பைக் கிள்ளி ஒதுக்கினாள்.

"இன்னொண்ணு. நாம மண்ணடிச்சு மேடு பண்ணினோமே. அந்த எடத்துல நிக்க வேண்டிய தண்ணி எங்க போயிருக்கும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆறே ஊருக்குள் வந்த வெள்ளம் அது. ஒரு மனையின் மேடு அதில் மயிரிழை அளவுகூட வித்தியாசம் செய்திருக்காது. ஒரு தாளில் கணக்குப் போட்டே காட்டினேன். கணக்கு சரிதான். அவளும் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியவள், அதில் தப்பில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. "மயிரிழைன்னாலும் அக்கா வீட்டுக்குத்தானே போச்சு" என்று சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. அவள் கடவுளை மறுத்துப் பேசவில்லை, வேதப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடவில்லை. ஓய்வுநாள் பள்ளியை வேறொரு டீச்சரிடம் ஒப்படைத்தாள், முழங்கால் வலி என்று. சாயங்காலம் நடக்கும் வீட்டு ஜெபம் முதலில் சுருங்கியது, பிறகு நின்றது. அந்த நேரத்துக்கு டிவியின் சத்தத்தைக் குறைப்பது என் பழக்கம். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, நான் குறைத்த சத்தத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போனாள். எப்படிப் போனாள் என்றால், நான் போவதைப் போல.

நடுவில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நெற்றியில் கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். "நூறு இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை எடுக்கப் போனாள். கை அதற்குத்தான் வந்திருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்டால், அழுதேன்.

எனக்குத் தீமை என்பது ஒருபோதும் புதிராக இருந்ததில்லை. ஆறு பெருகினால் பெருகும். அதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. குற்றம் சாட்ட ஆளில்லாத உலகம் சௌகரியமானது, வக்கீல் வேண்டாம். ஆனால் அவளுக்கு ஆள் இருந்தார். அன்பே உருவானவர், எல்லாம் வல்லவர், தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருப்பவர். அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு எதிர்வீட்டை எப்படி விளக்குவது? என்னுடைய உலகத்துக்கு அவள் வந்து சேர்ந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் அங்கே வந்து சேரவில்லை. தன் உலகத்தைவிட்டு வெளியே நின்றாள், என் வாசலுக்கும் வராமல்.

போதகரைப் பார்க்கப் போனேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இளைஞர், இந்தச் சபைக்கு வந்து சில வருஷம்தான். "சார், நீங்களா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். மேசைத் துணியை நீவிவிட்டுப் பேசினார்.

"சோதனைன்னு சொல்லலாம், சார். அவர் சித்தம்னு சொல்லலாம். வெள்ளத்துக்கப்புறம் பத்துப் பதினஞ்சு வீட்டுல அதைத்தான் சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து செருப்பு மாட்டும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

"அப்ப உங்களுக்கும் பதில் தெரியாதா?"

"தெரியாது, சார். ஆனா பிரசங்க பீடத்துல நின்னு அதைச் சொல்ற தைரியமும் இல்ல."

அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். மனைவி காபி கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், ஜெபத்துக்குத் தலை குனிந்தாள். விருந்தாளிக்குச் செய்ய வேண்டிய மரியாதை எதிலும் குறை வைக்கவில்லை.

போதகரால் முடியாததை நான் செய்யப் பார்த்தேன். பிரபஞ்சம் ஏன் இருக்கிறது என்று இயற்பியலுக்குத் தெரியாது, விதிகள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கின்றன என்று தெரியாது, தெரியாத இடம் நிறைய இருக்கிறது என்று ஒரு மாலை அவளுக்கு வகுப்பெடுத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

"தெரியாத எடத்துலயெல்லாம் ஆண்டவரைக் கொண்டுபோய் உக்கார வைக்காதேன்னு எனக்குச் சொன்னது யாரு? நம்ம பொண்ணு பொறந்த வருஷம் சொன்னீங்க. நீங்க சொன்னதெல்லாம் நான் காதுல வாங்கலன்னு நெனச்சீங்களா?"

வாங்கியிருந்தாள், ஒன்று விடாமல். முப்பது வருஷமாக நான் எறிந்த ஒவ்வொரு கல்லையும் பத்திரமாக எடுத்துவைத்திருந்து, இப்போது ஒவ்வொன்றாக என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் இதைச் சொன்னபோது, "அப்பா, இதத்தானே நீங்க ஆசைப்பட்டீங்க?" என்றாள். இல்லை. நான் ஆசைப்பட்டது சண்டையை. ஜெயிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் இவ்வளவு ஆர்வமாகச் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

ஆடி மாதம் வந்தது. எதிர்வீட்டம்மா கூழோடு வந்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்தவர்கள், அதிலும் என் மனைவியைப் போன்றவர்கள், சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். அது அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் படைப்பதற்கு முன்பே இவர்களுக்கென்று ஒரு பாத்திரத்தில் எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுவார்கள். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. அந்த வருஷமும் அவர் அப்படித்தான் தூக்குப் பாத்திரத்தை நீட்டினார். "படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிட்டேன், டீச்சர்."

"எதுக்குக்கா கஷ்டப்படுறீங்க? படைச்சதையே குடுங்க. எனக்கு இனிமே வித்தியாசம் இல்ல."

அந்த அம்மா திகைத்துப் போனார். "அய்யே, இன்னா பேச்சு இது? அதெல்லாம் கூடாது. உன் சாமி கோச்சுக்கும்."

"இருந்தாதானேக்கா கோச்சுக்கறதுக்கு."

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் ஆட்டோல கேட்டதாலயா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. அடப் பாவமே, நான் சும்மா கேட்டேன் டீச்சர். அவரு பேரு வரலியேன்னு ஒரு ஆத்தாமைல கேட்டேன். அதுக்குப் போயி சாமிய உடுவாங்களா?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மாவ நான் திட்டாத திட்டா? கோயில் வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்தினேன். நோவக் குடுக்கறவளும் அவதான், எறக்கறவளும் அவதான். எங்க ஊட்டுக்காரருக்கு எறக்கல. கோவம் வராதா? கொஞ்ச நாளு அந்தப் பக்கமே போவல. அப்பறம் ஆடி வந்துச்சு. கூழு ஊத்தாம இருக்க முடியுமா, சொல்லு."

மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உங்க சாமிக்குக் கோவம் வரும்க்கா. அடிக்கும், அணைக்கும். நீங்களும் போய்த் திட்டலாம். எங்களுக்கு அன்பு மட்டுந்தான்னு சொல்லிக் குடுத்துட்டாங்க. நானும் பிள்ளைங்களுக்கு அதையேதான் சொல்லிக் குடுத்தேன். அன்பு மட்டுந்தான்னா, அண்ணன் எப்படிக்கா செத்தாரு?"

அந்த அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். எனக்குத் தெரிந்த பதில் அங்கே சொல்லக்கூடியதில்லை. எழுந்து போகும்போது அவர் படைக்காத கூழைத்தான் வைத்துவிட்டுப் போனார். கேட்டதைக் கொடுக்கவில்லை. தெருவைக் கடக்குமுன் திரும்பி நின்று, "இந்தத் தபா சர்ச்சில அவரு பேரச் சொல்லு டீச்சர். அது போதும் எனக்கு. உனக்கும் கொஞ்சம் எறங்கும்" என்றார்.

சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டம்மாவும் தலைவாரிப் பூ இல்லாமல் கிளம்பி வாசலில் நின்றார். அப்போதுதான் தெரிந்தது.

வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்தார்கள். வீட்டுக்கடன் கிடைத்தவர், பேத்தி பிறந்தவர், கட்டி கரைந்தவர். ஒவ்வொரு சாட்சியும் முடிந்ததும் சபை சேர்ந்து "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். அது ஒரு தட்டிக்கொடுத்தல் மாதிரி; சொன்னவர் நிம்மதியாக உட்காருவார். பிறகு என் மனைவி எழுந்தாள். டீச்சரின் கதை சொல்லும் குரல் இல்லை அது. எதிர்வீட்டுக்காரரின் பெயரை இனிஷியலோடு முழுதாகச் சொன்னாள்.

"வெள்ளத்தப்போ இவருக்காக ஜெபம் பண்ணினேன். எனக்காகப் பண்ணினதைவிட அதிகமாப் பண்ணினேன். அவர் பிழைக்கல. போன தடவை இங்க நின்னு சாட்சி சொன்னப்போ நான் இதைச் சொல்லல. அப்போ சொன்னது பாதி. இது மீதி. ஏன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

நின்றாள். சபை அமைதியாக இருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எந்தச் சொல்லால் இதை ஏற்றுக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எதிர்வீட்டம்மா முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதார். ஸ்தோத்திரம் சொல்கிற வழக்கம் அவருக்குத் தெரியாது. மனைவி இன்னும் உட்காரவில்லை. திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

ஒரு சொல். நான் சொல்லியிருக்கலாம். யாருக்கு ஸ்தோத்திரம், எதற்கு ஸ்தோத்திரம் என்றெல்லாம் அந்த நேரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாய் வரை வந்தது. வந்ததும், நம்பாத ஒன்றை எப்படிச் சொல்வது என்ற பழைய யோசனை முந்திக்கொண்டது. நான் யோசித்து முடிப்பதற்குள் ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்துவிட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் எதிர்வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "இன்னிக்குத்தான் அவரு பேரு வந்துச்சு. நல்லா சொன்ன டீச்சர், அளவா சொன்ன" என்று வழியெல்லாம் சொன்னார். அவருக்கு உண்மையாகவே இறங்கியிருந்தது. வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றும்போது மனைவி, "யாருமே ஒண்ணும் சொல்லல, இல்ல?" என்றாள்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சேச்சே. நீங்க எப்படிச் சொல்வீங்க? நம்பாததை நீங்க சொல்ல மாட்டீங்க. அது எனக்குத் தெரியாதா?" என்று என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கோபமே இல்லை. என்னைப் பாராட்டித்தான் சொன்னாள்.

அவள் மறுபடி ஜெபம் செய்து நான் பார்க்கவில்லை. அவளாகவே திரும்பினால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அது அவளுக்கும் அவள் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. ஆனால் அந்தக் காலை அவள் கடவுளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று முப்பது வருஷம் அவளைக் கேட்டவன் நான். அன்று பேசாமல் இருந்தது நான்தான்.